காலிப் பெட்டியில் டைனமைட்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் 'டச் ஆஃப் ஈவில்' (1958) என்ற ஆங்கிலப் படம் பற்றிய கட்டுரை, அந்த மூன்று நிமிட முதல் ஷாட்டிலேயே சொக்கிப்போய் நின்றுவிட்டது. நீதிமன்ற எழுத்தராக பொருள் கைப்பற்றியதைப் பதியும் மகஜர்களோடு காலம் தள்ளிய எனக்குக் குளியலறைக் காட்சிதான் படமே. மெக்சிகோ அதிகாரி வர்காஸ் கைதவறித் தள்ளிய ஷூ பெட்டி காலி. சற்று நேரத்தில் அதே பெட்டியில் டைனமைட் குச்சிகள் 'சிக்குகின்றன'. கார் குண்டு வழக்கில் மாட்டியவன் மெக்சிகோ இளைஞன். குச்சியை வைத்த அமெரிக்கப் போலீஸ் அதிகாரி குவின்லனுக்கு அது போதும். கடைசியில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத் தகவல் வரும். சரி, அதற்காகக் குச்சி வைத்தது நியாயமாகிவிடுமா? கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. அப்புறம், மெக்சிகோ அதிகாரி வர்காஸாக, முகத்தில் பழுப்புப் பூச்சோடு வருபவர் அமெரிக்கரான சார்ல்டன் ஹெஸ்டன்! இனவெறியைச் சாடும் படத்திலேயே இந்தக் கூத்து. அதற்கும் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

– ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், திருநெல்வேலி