கல்குவாரி நடைக்கு வருகிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கைவிடப்பட்ட அந்தக் கல்குவாரிக்குள் போன முறை நாம் பறவை பார்க்கப் போய்வந்த நடையை எல்லாருமே மெச்சினீர்கள். நானும் ரசித்தேன். ஆனால் ஒரு காட்சி மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாம் 30 பேர் சரளைத் தரையில் நின்று எதிர்ப் பாறையில் கொம்பன் ஆந்தையைத் தேடிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே இரண்டு ஆட்காட்டிப் பறவைகள் தொண்டை கிழியக் கத்தி வட்டமிட்டன. "நம்மை வரவேற்கிறது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி நான்கு முட்டைகள். கூடு என்று எதுவும் இல்லை. லேசான பள்ளம், சுற்றிலும் பொடிக்கல். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எது கல், எது முட்டை என்றே தெரியவில்லை.

மிதிபடுவது மட்டும் ஆபத்து இல்லை. உச்சி வெயிலில் ஆட்காட்டி முட்டைமேல் நிற்பது நிழல் கொடுக்கத்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் முட்டையைக் குளிர்விக்கும். நாம் முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. அவ்வளவு நேரமும் முட்டைகள் வெயிலில் கிடந்தன.

ஆந்தைக்குச் செய்ததும் சரியில்லை. ஒருவர் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டார். தன் இடத்துக்குள் இன்னொரு ஆந்தை புகுந்துவிட்டதாகத்தான் அது நினைக்கும். பகலில் வெளியே வந்தால் காக்கைக் கூட்டம் சும்மா விடுமா? அந்த ஆந்தையும் பாறைத் திட்டிலேயே முட்டையிடும் பறவைதான்.

வெடி வைத்த இடம் இப்படி உயிர்பெற்றது ஆள் வராததால்தான். செங்குத்துச் சுவர் நாய்களைத் தடுக்கிறது. மீன் இல்லாத மழைக்குட்டையில் தலைப்பிரட்டைகளும் தட்டான் குஞ்சுகளும் பிழைத்துக்கொள்கின்றன. (ஆழமான குட்டைப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். அதற்குக் கரைச்சரிவே கிடையாது, முதல் அடியே ஆழம்.)

ஆகவே கூடு வைக்கும் மாதங்களில் உள்ளே இறங்க வேண்டாம். விளிம்பை விட்டுத் தள்ளி மேலேயே நின்று பார்ப்போம், ஒரு தடவைக்குப் பத்துப் பேர் போதும். ஆட்காட்டி கத்தினால், வந்த வழியே பார்த்து அடி வைத்துத் திரும்பிவிடுவோம்.

என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது. ஒன்றை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அன்று சேர்ந்து சிரித்தவர்களில் ஒருவன்