அரிசிக்குச் சான்றிதழ் கேட்க வேண்டாம்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கொரோனா தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்டதோடு, தயங்கியவர்களை முகாமுக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவளும்கூட. ஆகவே, இதைத் தடுப்பூசிக்கு எதிரான மடல் என்று ஒதுக்கிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு நியாயவிலைக் கடையில் பொருள் வழங்கக் கூடாது என்னும் தங்கள் உத்தரவு எங்கள் ஊரில் எப்படி நடைமுறையாகிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் தெருவில் பூக்கட்டிப் பிழைக்கும் எழுபது வயது மூதாட்டி ஒருவர், ஜூலையிலும் அக்டோபரிலும் ஊசி போட்டுக்கொண்டார். கைப்பேசி இல்லாததால் பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அவனோ திருப்பூருக்கு வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டான். பழைய எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் சான்றிதழை எடுக்க முடியும். சென்ற வாரம் கடையில் சான்றிதழ் கேட்டபோது, அவர் ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, "இந்தா, இங்கதானய்யா குத்துனாங்க" என்று தோளைக் காட்டியிருக்கிறார். "தோளைப் பாத்து நான் பில் போட முடியுமா பாட்டி?" என்றாராம் விற்பனையாளர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, உத்தரவு அவருடையதல்ல.

அந்த மூதாட்டி ஊசி போட்டுக்கொண்டவர். போடாதவராகவே இருந்தாலும், அவருடைய அரிசியை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது? இந்தத் தடுப்பூசி விருப்பத்தின் பேரில் போட்டுக்கொள்வது என்று மத்திய சுகாதார அமைச்சகமே சொல்கிறது. ஊசி போட்டால்தான் கடை திறக்கலாம், வாடகை வண்டி ஓட்டலாம் என்று மேகாலயாவில் போட்ட உத்தரவுகள், பிழைப்பைப் பறித்து ஊசியைத் திணிப்பவை என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் கண்டித்தது. மருத்துவமனை ஊழியர்களுக்குக் கட்டாயம் என்றால் நான் வாதாட மாட்டேன். அங்கே நோயாளியின் உயிர் இருக்கிறது. அரிசி வாங்க வரும் கிழவியிடம் அந்தக் கண்டிப்பு எதற்கு?

1955-இல் ராஜாஜி காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசியை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் வாதங்கள் பலவற்றை நான் ஏற்பதில்லை. ஆனாலும் அதற்காக யாரும் அவர் வீட்டு உலையை அணைக்கவில்லை. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய தாய்மார்கள் பள்ளி வாசலிலேயே என்னை மறித்தார்கள். வாக்சின் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னேன். பிறகு என் பேத்திக்கு அவர்கள் கண்ணெதிரில் ஊசி போட்டேன். மறுநாள் பெரும்பாலானோர் பிள்ளைகளோடு வந்தார்கள். வராத நான்கு வீடுகளுக்கு அடுத்த மாதம் நானே போனேன். போலியோ சொட்டு மருந்தையும் இப்படித்தான் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தோம். பயந்தவரை அரிசியைக் காட்டி மிரட்டினால், அடுத்த முறை செவிலியரைக் கண்டதும் கதவைச் சாத்துவார்.

டாஸ்மாக் வரிசையில் எங்கள் ஊரில் யாரும் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கே கொரோனாவுக்கு அனுமதி இல்லை போலும். எழுத வந்ததை விட்டு விலகுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் வேண்டுவது இதுதான்: நியாயவிலைக் கடைகளுக்கான அந்த உத்தரவைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். ஊசி போடாதவர்களின் பட்டியலை எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற செவிலியரிடம் கொடுங்கள். ஊதியம் வேண்டாம், வீடு வீடாகப் போகிறோம். அந்த மூதாட்டியின் ஸ்மார்ட் கார்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. டிசம்பர் 31-க்குள் அவருக்கு இம்மாத அரிசியை வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்
டிசம்பர் 2021