பலித்ததா, நிறைவேறியதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடவுள் அனுப்புவதாக வாக்களித்த மீட்பராகிய மேசியாவைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள் குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடமும் நடத்தினேன். இயேசுவே அந்த மேசியா, அதாவது கிறிஸ்து என்று முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

முந்நூறுக்கு மேற்பட்ட தீர்க்கதரிசனங்கள் இயேசுவிடம் பலித்தன என்கிறார் கட்டுரையாளர். அவற்றில் எட்டு மட்டும் ஒரே மனிதரிடம் தற்செயலாகப் பலிப்பதற்கு, 1-க்குப் பின்னால் 17 சுழியம் போட்ட எண்ணில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று கணக்கும் காட்டுகிறார். இது பல பிரசங்க மேடைகளில் கேட்டுப் பழகிய கணக்கு. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் பழைய ஏற்பாட்டு வாக்கு, அந்தப் பக்கம் அது இயேசுவிடம் பலித்த புதிய ஏற்பாட்டு இடம். மீகா 5:2-இல் பெத்லெகேம், சகரியா 9:9-இல் கழுதைக்குட்டி, சகரியா 11:12-இல் முப்பது வெள்ளிக்காசு, ஓசியா 11:1-இல் எகிப்து. பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஒருநாள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எழுதுவதை நிறுத்திவிட்டு, வேதாகமத்தைத் திறந்து ஓசியாவைத் தேடிப் பிடித்தான். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்ற வசனத்தோடு நிற்காமல் அடுத்த வசனத்தையும் வாசித்தான். "பாகால்களுக்குப் பலியிட்டு, விக்கிரகங்களுக்குத் தூபங்காட்டினார்கள்" என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், இயேசு பாகாலுக்கா பலியிட்டார்?" என்று கேட்டான். அவன் குரலில் குறும்பு எதுவும் இல்லை. நான்தான் அதட்டி உட்கார வைத்தேன். அவன் முகம் சுண்டிப்போனது. நான்கைந்து வாரத்தில் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. ஓசியா தீர்க்கதரிசி அங்கே வருங்காலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன்" என்றுதான் வசனம் தொடங்குகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்த இஸ்ரவேல் ஜனமாகிய பிள்ளை, பாகால் என்ற அந்நிய தெய்வத்தை நாடித் தன்னை விட்டு விலகிப்போன வேதனையைக் கடவுள் சொல்லி அழுகிற அதிகாரம் அது. அதை எடுத்து, சுவிசேஷம் எழுதிய மத்தேயு, குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பியதற்குச் சொல்கிறார். மத்தேயு இரண்டாம் வசனத்தைப் படிக்காதவரா? வேதத்தில் ஊறிய மனிதர் அவர். அவர் சுவிசேஷத்தைத் தொடர்ந்து வாசித்தால் காரணம் விளங்கும். இஸ்ரவேலைப் போலவே இயேசுவும் எகிப்துக்குப் போய்த் திரும்புகிறார், இஸ்ரவேல் கடலைக் கடந்ததுபோல் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்று எழுகிறார், வனாந்தரத்துக்குப் போகிறார். இஸ்ரவேலுக்கு அங்கே நாற்பது வருஷம், இவருக்கு நாற்பது நாள். சோதனைக்காரனுக்கு இவர் கொடுக்கிற மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து, அந்த வனாந்தர நாட்களை நினைவூட்டும் பகுதியிலிருந்தே வருகின்றன. முதல் குமாரனாகிய இஸ்ரவேல் தவறிய இடத்தில் இந்தக் குமாரன் தவறவில்லை. பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அவன் வாசித்த இரண்டாம் வசனத்திலேயே இருந்தது.

கட்டுரை முழுவதும் "பலித்தது", "அப்படியே பலித்தது" என்ற சொல்தான் வருகிறது. குறி பலிக்கும், கனவு பலிக்கும், சோதிடம் பலிக்கும். நம் தமிழ் வேதாகமம் இங்கே அந்தச் சொல்லைப் போடவில்லை, "நிறைவேறும்படி" என்கிறது. நிறைவு அதற்குள்ளேயே இருக்கிறது. மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கும் நிரப்புதல் என்பதே அடிப்படைப் பொருள். 13-ஆம் அதிகாரத்தில் வலை மீன்களால் "நிறைந்தபோது" என்று வருகிற இடத்திலும் அதே வினைதான். நியாயப்பிரமாணத்தை "அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன்" என்று இயேசு சொல்லும்போதும் அதுதான். கட்டளை எப்படிப் பலிக்கும்? பாதி நிறைந்து நின்ற பாத்திரம் விளிம்பு வரை நிறைவதைத்தான் மத்தேயு சொல்கிறார்.

ஒரு பெண் குமாரனைப் பெற்று இம்மானுவேல் என்று பெயரிடுவாள் என்று ஏசாயா தீர்க்கதரிசி யூதாவின் ராஜா ஆகாசுக்குச் சொன்ன அடையாளத்தையும் (ஏசாயா 7:14) கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பழைய மொழிபெயர்ப்பில் "கன்னிகை" என்றிருப்பது பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "இளம்பெண்" என்றிருக்கிறது. எபிரெயத்தில் அல்மா, அதாவது இளம்பெண். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில் கன்னியைக் குறிக்கும் சொல் வந்தது. மத்தேயு அதை எடுத்துக்கொண்டார். ஆகாஸ் ராஜாவோ சீரியா, இஸ்ரவேல் என்ற இரண்டு ராஜ்யங்களின் படையெடுப்புக்கு நடுங்கிக்கொண்டிருந்தான். ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு நடக்கப்போவதை மட்டும் சொன்னால் அது அவனுக்கு எப்படி அடையாளமாகும்? அந்தக் காலத்திலும் அந்த வார்த்தைக்கு ஒரு பொருள் இருந்தது. "தேவன் நம்மோடு" என்று பொருள்படும் இம்மானுவேல் என்ற பெயர் அந்தக் காலத்துக் குழந்தையோடு தீர்ந்துவிடவில்லை என்பது எங்கள் விசுவாசம்.

சவக்கடல் அருகே கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த ஏசாயா சுருள் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தத் தோல் சுருள் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதப்பட்டது. பிறருக்காகப் பாடுபடுகிற ஒரு தாசனைப் பற்றிய 53-ஆம் அதிகாரத்தைக் கிறிஸ்தவர்கள் பிற்பாடு எழுதிச் சேர்க்கவில்லை என்பதற்கு அது உறுதியான சாட்சி. ஆனால் பாடுபடுகிற அந்தத் தாசன் யார் என்று சுருள் சொல்லாது. அப்போஸ்தலர் 8-இல் காசாவுக்குப் போகிற வழியில் இரதத்தில் இதே அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்புவிடம் கேட்டது அதைத்தான்: தீர்க்கதரிசி தம்மைக்குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா? பிலிப்பு அவரை அதட்டவில்லை; ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வசனத்திலிருந்தே தொடங்கினார்.

கட்டுரையில் என்னை மிகவும் நோகடித்த வரி, "இவ்வளவு தெளிவாக இருந்தும் யூதர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்" என்பது. அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று யூத அறிஞர் ராஷி 11-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். "நீ என் தாசன்" என்று ஏசாயா 49:3 இஸ்ரவேலையே அழைக்கிறது. 1263-இல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில் கிறிஸ்தவர்களோடு நடந்த விவாதத்தில், மேசியா வந்துவிட்டார் என்றால் உலகம் ஏன் இன்னும் கொடுமையால் நிறைந்திருக்கிறது என்று யூத அறிஞர் நாக்மனிடீஸ் கேட்டார். பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் என்ற ஏசாயாவின் வாக்கை நம்பிக் காத்திருக்கிறவர் கேட்கிற கேள்வி அது. இயேசு மீண்டும் வரும்போது அது முழுமையாகும் என்று நாங்கள் சொல்கிறோம். அப்படியென்றால் நாங்களும் காத்திருக்கிறவர்கள்தானே? "கண்ணை மூடிக்கொண்டவர்கள்" என்ற பழியின் பெயரால் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு ஜனம் அடிபட்டது, ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டது.

இயேசு உயிர்த்தெழுந்த அன்று எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் நடந்த இரண்டு சீஷர்களும் யூதர்கள்தான். அவரை நேரில் அறிந்தவர்கள், பிள்ளைப் பருவம் முதல் வேதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். "நாங்கள் நம்பியிருந்தோம்" என்று மனமுடைந்துதான் பேசினார்கள். சிலுவைக்குப் பிறகு, அவரே கூட நடந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் பழைய வசனங்கள் அவர்களுக்கு விளங்கின. அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாததைக் கணக்குப் போட்டாலே எவருக்கும் தெரிந்திருக்கும் என்று நாம் எப்படிச் சொல்லலாம்?

இந்தப் பட்டியலை மறுபடி வெளியிட நேர்ந்தால், ஓசியா 11:1-க்குக் கீழே இரண்டாம் வசனத்தையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை