அறிவித்தலின் முதல் வரியில் ஒழுங்கையின் பெயர் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் உள்ள ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை செய்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். எழுதுவினைஞராகத்தான் சேர்ந்தேன். கடைசிப் பதினைந்து வருடமும் அறிவித்தல் எழுதுவது, முறைப்பாடு எடுப்பது, பத்திரிகைக்காரருக்குப் பதில் சொல்வது, பிறகு தகவல் அலுவலராக இருப்பது என்று முழுக்க முழுக்க மக்களோடு பேசும் வேலை. போன கிழமை எங்கள் பக்கத்து மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்றே மனம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் இனிச் செவ்வாய்க்குப் பதில் வெள்ளி வரும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் தாள் தொடங்குவது சபையின் பெயர், கோவை இலக்கம், திகதி என்று. அப்புறம் ‘மேற்படி விடயம் தொடர்பாகப் பொதுமக்களுக்கு அறியத்தருவதாவது’ என்று ஒரு வசனம் நாலு வரிக்கு நீளுகிறது. எங்கள் ஒழுங்கையின் பெயர் ஏழாவது வரியில், வெள்ளிக்கிழமை கடைசி வரியில். தொலைபேசி இலக்கம் எங்குமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, எங்கட ஒழுங்கையும் இதில இருக்கோ?” என்று கேட்டா. செவ்வாய்க்கிழமை ஒழுங்கை முழுக்கக் குப்பைப் பைகள் வெளியே வந்துவிட்டன. எடுக்க ஆள் வரவில்லை. மாடும் நாயும் இழுத்துப் போட்டன. நகரத்துக்குள் மான்கள் பொலித்தீனைத் தின்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்கும் இப்படி வந்து சேராத ஒரு தாளுக்கும் தொடர்பு உண்டு.

அந்தத் தாளை எழுதிய பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலிருந்து வரும் சுற்றறிக்கை அநேகமாகச் சிங்களத்தில் இருக்கும். அதை யாராவது தமிழாக்குவார். நேரம் இல்லாதபோது பழைய கோவையை எடுத்து, திகதியையும் இடத்தையும் மாற்றி, கையெழுத்துக்கு அனுப்புவோம். கையெழுத்து வர இரண்டு நாள். நானும் அப்படி எழுதியவள்தான். தண்ணீர் வெட்டு முடிந்த பிறகு ஒட்டப்பட்ட அறிவித்தலில் என் கையெழுத்தும் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

இந்த வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான். கடல் வந்து போன அடுத்த நாள், ஒரு பாடசாலையில் இருந்த ஆட்களின் பெயர்களைப் பிரவுண் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலை என்னிடம் வந்தது. மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். ஒருவர் அந்தத் தாளை மூன்று தரம் வாசித்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். அவருடைய மகள் உள்ளேதான் இருந்தா. பட்டியலில் ஐந்து பாத்திமா. ஒன்றுக்குக்கூட நான் தகப்பன் பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. மகள் தற்செயலாக வெளியே வந்திருக்காவிட்டால் அவர் போயிருப்பார். அன்று இரவே தாளைக் கிழித்துவிட்டு, பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகு எந்த அறிவித்தலை எழுத உட்கார்ந்தாலும், சுவருக்கு முன்னால் நின்ற அந்த மனிதர்தான் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

எங்கள் மாவட்டத்தில் தமிழில் எழுதுவது என்றாலே யோசித்து எழுத வேண்டும். இறந்தவர்களை அடக்கும் இடத்தைத் துப்புரவு செய்கிறோம் என்று ஒரு முறை அறிவித்தல் போட்டோம். இந்துக்கள் சுடலை என்பார்கள், முஸ்லிம்கள் மையவாடி என்பார்கள், கிறிஸ்தவர்கள் சேமக்காலை என்பார்கள். ‘மயானம்’ என்று மட்டும் போட்டதால் மையவாடிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தங்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். அடுத்த முறை மூன்று சொல்லையும் போட்டோம், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். சொல்லைப் போலத்தான் நேரமும். கரைவலை ஊருக்குள் விடிய ஏழு மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை விட்டால் ஆண்கள் எல்லாரும் கடற்கரையில் நிற்பார்கள். கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது சொன்னால் அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பாலையூற்றில் ஞாயிறு பூசை முடிகிற நேரம். இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லித் தராது, அந்த ஊர்களுக்குள் திரிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். என் மேசைக்கு வந்த கோரிக்கைகளில் பாதிக்கு மேல் என்ன தெரியுமா? இந்த மதகுக்கு எவ்வளவு காசு, யார் செய்கிறார், எப்போது முடியும்? இந்த மூன்றையும் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி நட்டிருந்தால் அந்த மனிதர் வெயிலில் சைக்கிள் ஓடிக்கொண்டு சபைக்கு வந்திருக்கத் தேவையில்லை. வீடு வளவுக்குக் கட்டும் ஆதன வரியும் அப்படித்தான், நேரத்தோடு சொன்னால் போதும். முழு வருட வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி முதல் கிழமையில் வயதானவர்கள் காசை மடித்துக் கொண்டு வருவார்கள். கழிவு முடிந்துவிட்டது என்று நானே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

2023 மார்ச் 19 நள்ளிரவோடு உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று கவுண்டரில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். வீதி விளக்கு எரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்றே ஆட்களுக்குத் தெரியவில்லை. இப்போது உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். முகநூல் பக்கங்களும் சுறுசுறுப்பாகிவிட்டன. ஆனால் ஒரு சிறிய வடிகானைத் திறந்து வைத்த நிகழ்வுக்குப் பதினான்கு படம் வருகிறது. அந்த வடிகான் எந்த வீதியிலிருந்து எந்த வீதி வரை என்பது ஒரு படத்தின் கீழும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்து, மூதூர்ப் பக்க ஊர்களுக்குள் தண்ணீர் போனது. என் தங்கச்சி குடும்பம் அந்தப் பக்கம். அவளுடைய கைபேசிக்கு வந்த எச்சரிக்கை அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. மகன் வேலையால் வந்து வாசித்துச் சொன்ன பிறகுதான் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி. அரசியலமைப்பில் இருக்கிற அந்த வரி, தண்ணீர் வாசலுக்கு வரும் இரவில் ஒரு குறுஞ்செய்தியாக அவள் கைக்கு வந்திருக்க வேண்டும். கடைசியில் அவளை வெளியே எடுத்தது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்ட ஒரு குரல். எந்த வீதியால் போகக்கூடாது, எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று அந்தக் குரல் பெயர் சொல்லிச் சொன்னது.

புதிய தவிசாளர்களிடமும் செயலாளர்களிடமும் நான் கேட்பது இதுதான். மக்களோடு பேசும் வேலையை வேறு நாலு வேலையோடு சேர்த்து யாருடைய தலையிலாவது கட்டாதீர்கள். அதற்கென்று ஓர் ஆளை வையுங்கள், கோவைகளைப் பார்க்க அவரை விடுங்கள். ‘பிந்திவிட்டோம், பிழை எங்களுடையது’ என்று சபையின் பெயரில் எழுத அவருக்கு அதிகாரம் கொடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு பள்ளிவாசல், கோயில், தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்கும் பொறுப்பானவரின் இலக்கம் அவருடைய கொப்பியில் இருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் ஒவ்வொரு அறிவித்தலின் அடியிலும் பெரிதாக இருக்கட்டும். குப்பை வண்டியின் நாள் மாறினால் முதல் வரியில் ஒழுங்கையின் பெயர், இரண்டாவது வரியில் கிழமை. கோவை இலக்கத்தைக் கீழே போடலாம்.

எங்கள் பக்கத்து அக்காவுக்கு அந்தத் தாளை நான் வாசித்துச் சொன்னேன். அதே ஒழுங்கையில் இன்னும் ஏழு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர்,
திருகோணமலை.