நாரைக்கு மார்ச் 31 தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநில பட்ஜெட் தயாராகும் நேரம் இது. கையைக் கடிக்கிறது என்றால் நிதித்துறை முதலில் கை வைக்கும் இடங்களில் ஏரி, காடு, பூங்கா பராமரிப்பும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒரு பழைய கருவூலக்காரியிடம் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் கருவூலத்தில் கணக்கராக இருந்தேன். மார்ச் கடைசி வாரம் வந்தால் மேசையில் பில் கட்டுகள் கொள்ளாது. 31ஆம் தேதி இரவு வரை உட்கார்ந்திருப்போம். அதற்குள் எடுக்காத பணம் காலாவதி. ஒரு வருடம் அந்தக் கட்டுகளுக்குள் ஒரு பறவைகள் ஏரியின் பில்லும் இருந்தது (எந்த ஏரி என்பது வேண்டாம்). கரையைப் பலப்படுத்தவும் கருவேலங்கன்று நடவும் வருட ஆரம்பத்தில் கேட்ட பணம். கைக்கு வந்தபோது பொங்கல் தாண்டிவிட்டதாம். ஏரி நிறையத் தண்ணீர், மரம் நிறையக் கூடு. எங்கே மண்வெட்டியை இறக்குவது? அதனால் வாசல் வளைவுக்குப் பெயின்ட், இரண்டு அறிவிப்புப் பலகை, நாரை படம் போட்ட ஒரு சுவர். பராமரிப்பு என்ற தலைப்புக்குள் அதுவும் அடங்கும். பில்லில் ஒரு குறையும் இல்லை. நான்தான் சரிபார்த்து மேலே அனுப்பினேன்.

என் அம்மா பிறந்தது கூந்தன்குளத்தில். நாங்குநேரி பக்கம். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022இல் வந்தது. இதெல்லாம் வருவதற்கு முன்பே அங்கே ஊரும் பறவையும் சேர்ந்துதான் இருந்தன. நாரைகள் குளத்து மரத்தோடு நிற்காது, வீட்டு வாசல் வேப்பமரத்திலும் கூடு கட்டும். கொடியில் காயும் சேலையில் எச்சம் விழுந்தால் ஆச்சி முணுமுணுத்துக்கொண்டே திரும்ப அலசிப் போடுவாள், விரட்டமாட்டாள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. கோடையில் குளம் வற்றியதும் பறவை எச்சம் ஊறிய வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். குளமும் தூர்வாரப்படும், வயலுக்கும் உரம், அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. அந்த ஏற்பாடு இன்று பழைய அளவில் இல்லை. அதனால்தான் பட்ஜெட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

குளத்துக்கென்று ஒரு வருடக்கணக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து குளம் பெருகும். மார்கழி வாக்கில் பறவைகள் இறங்கும். சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து. இங்கே கூடு கட்டுபவை குஞ்சு பொரித்து வளர்த்துக் கிளம்ப ஆனி ஆகிவிடும். ஆக, கரையிலும் மடையிலும் வேலை செய்ய ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும்தான் நேரம். அரசுக் கணக்கோ ஏப்ரலில் தொடங்குகிறது. மானியக் கோரிக்கை நிறைவேறி, அரசாணை வந்து, ஒப்பந்தப்புள்ளி முடிவதற்குள் மழை இறங்கிவிடுகிறது. அப்புறம், வருடம் முடியுமுன் ஒதுக்கீட்டை மறுபடி கணக்கிடும் திருத்திய மதிப்பீடு போடும்போது, “இவர்கள் செலவே செய்யவில்லையே” என்று கழித்துவிடுவார்கள். அடுத்த வருட ஒதுக்கீட்டுக்கு அந்தக் குறைந்த தொகையே அளவுகோல் ஆகிவிடும். வெட்டினோம் என்று யாரும் சொல்லவேண்டியதே இல்லை, தானாக வெட்டுப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதற்காக வருடாவருடம் வெளியிலிருந்து பணம் வந்துவிடாது. கரை உடைந்தால் நம் பட்ஜெட்தான் கட்டவேண்டும்.

நகரத்துப் பூங்காக்களின் கதையும் இதேதான். திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கும். ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் மாற்றுவதற்கு இருக்காது.

அரசிடம் பணம் கொட்டிக் கிடக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி இவையெல்லாம் எவ்வளவு தின்கின்றன என்று பார்த்தவள்தான். என் ஓய்வூதியமும் அதே கஜானாவிலிருந்துதான் வருகிறது. புதிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. நீர்நிலைப் பராமரிப்பு, வேட்டைத் தடுப்புக் காவலர் கூலி இரண்டையும் திருத்திய மதிப்பீட்டு வெட்டிலிருந்து விலக்கி வைக்கட்டும். முதல் தவணையை ஜூன் முடிவதற்குள் விடுவிக்கட்டும். மிஞ்சும் பணம் காலாவதியாகாமல் அடுத்த வருடத்துக்குப் போகட்டும். இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் கொண்டுவந்த திருத்தம் புலிகள் காப்பகங்களுக்குத் தனி அறக்கட்டளை அமைக்கச் சொல்கிறது. அறக்கட்டளையின் பணம் மார்ச் 31ஓடு காலாவதியாவதில்லை. எங்கள் மாவட்டத்தில் களக்காடு முண்டந்துறையில் புலிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கும்போது, அதே மாவட்டத்து நாரைக்கு ஏன் இருக்கக்கூடாது?

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பட்ஜெட்டுக்கு மறுநாள் “வனத்துறைக்கு இத்தனை கோடி” என்று கொட்டை எழுத்தில் போடுவீர்கள். இந்த முறை அதன் பக்கத்திலேயே, சென்ற ஆண்டு அறிவித்தது எவ்வளவு, திருத்திய மதிப்பீட்டில் நின்றது எவ்வளவு என்பதையும் போடுங்கள். தேடி அலையவேண்டாம். மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர் ஒருவர்,
மூலைக்கரைப்பட்டி,
திருநெல்வேலி மாவட்டம்.