ஈயை விடுவதற்கு முன் கணக்கெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நத்தைத் தொல்லை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள், குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: நத்தைகளைக் கொல்லும் ஈக்கள் இருக்கின்றன, அவற்றை வளர்த்து விட்டால் மருந்தே தேவைப்படாது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படிப்பட்ட ஈக்கள் இருப்பது உண்மைதான். ஆனால் வளர்த்து விடுவதைப் பற்றிப் பேசும் முன், அந்தப் பகுதியில் ஏற்கெனவே எந்தெந்த ஈ இருக்கிறது, எது எந்த நத்தையைத் தின்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு ஈரமான இடத்தில் கிடைக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்திருக்கிறார்களா? உலகத்தின் பெரும்பாலான பகுதிகளில் யாரும் பார்க்கவில்லை.

அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த படம் சாதாரண வீட்டு ஈ. நத்தையை வேட்டையாடும் வேலை அதற்குத் தெரியாது.

நாம் பேசுவது சயோமைசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஈக்களைப் பற்றி. உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. சில இரண்டு மூன்று மில்லிமீட்டர், பெரியவை ஒரு சென்டிமீட்டர் சொச்சம். மஞ்சள் கலந்த பழுப்பு, சாம்பல், சிலவற்றில் நீலம் பூத்த கறுப்பு. பல இனங்களுக்கு இறக்கையில் புள்ளிகளோ வலை போன்ற கோலமோ இருக்கும். உணர்கொம்பு இரண்டும் முகத்துக்கு முன்னால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த தடவை தேட வேண்டியதில்லை. நீரோரக் கோரைத் தண்டில் தலைகீழாக, தலை தரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போனாலும் பெரிதாகப் பறந்து ஓடாது, தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டு அங்கேயே இருக்கும். சாப்பாட்டில் வந்து உட்காருவது, காதருகே ரீங்காரமிடுவது எதுவும் கிடையாது. அதனாலேயே யார் கண்ணிலும் படாமல் இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறது.

கொல்வது பறக்கும் ஈ அல்ல, அதன் புழு. தண்ணீரில் வாழும் இனங்களின் புழு ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால், உடம்பின் பின்முனையில் மலர்போல் விரிந்த ஒரு தட்டு நீர்ப்பரப்பை ஒட்டி நிற்பது தெரியும். அதன் ஓரத்தில் தண்ணீர் ஒட்டாத மயிர்கள், நடுவில் மூச்சுத் துளைகள். தலைப்பக்கம் கீழே தொங்கும். வயிற்றுக்குள் விழுங்கி வைத்த காற்று ஒரு குமிழியாகத் தெரியும், அதுதான் அதை மிதக்க வைக்கிறது. அந்தப் பக்கம் ஊர்ந்து வரும் சின்ன நத்தையின் பாதம் பட்டதுதான் தாமதம், வாய்க்கொக்கி சதையில் இறங்கிவிடும். நத்தை பதறி ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், புழுவும் விடாமல் கூடவே உள்ளே போகும். இப்படி ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் பத்து, பதினைந்து நத்தைகளைக்கூடத் தீர்த்துவிடும். ஓடில்லா நத்தைகளைத் தாக்கும், இதே குடும்பத்தின் டெட்டனோசெரா பேரினத்து இனங்கள் சிலவற்றின் புழு, உமிழ்நீரில் உள்ள நஞ்சால் இரையைச் செயலிழக்கச் செய்தே உண்கிறது.

1850-இலேயே பெரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு இனத்தின் புழுவை நத்தை ஓட்டுக்குள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு நூறு வருடம் ஏறக்குறைய யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்ட் பெர்க் அலாஸ்காவில் பார்த்ததை 1953-இல் எழுதிய பிறகுதான், அட, இந்தக் குடும்பமே நத்தைகளை நம்பித்தான் பிழைக்கிறது என்று புரிந்தது. அவரும் அவர் மாணவர்களும் இனம் இனமாக வளர்த்துப் பார்க்கப் பார்க்க, கதை ஒரே மாதிரி இல்லை என்றும் தெரிந்தது. சில தண்ணீருக்குள் வேட்டையாடும், சில ஈர மண்ணில் ஒரே நத்தைக்குள் ஒட்டுண்ணியாக வளரும், சில நத்தை முட்டைகளை மட்டும் தின்னும், ரெனோசெரா போன்றவை பட்டாணி அளவுச் சிப்பிகளைத் தின்னும், ஆப்பிரிக்க இனம் ஒன்று நத்தையையே விட்டுவிட்டு நன்னீர்ப் புழுக்களுக்குப் போய்விட்டது. டெட்டனோசெரா எலாட்டா என்ற ஈயின் இளம்புழுவுக்குப் பெரும்பாலும் சாம்பல் நிற வயல் ஓடில்லா நத்தைதான் வேண்டும், கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் மற்ற பலவற்றையும் ஏற்கும். நீரில் வேட்டையாடும் இனங்களில் பெரும்பாலானவை, ஓட்டு வாயை மூடிக்கொள்ள மூடி வைத்திருக்கும் நத்தைகளைச் சீண்டுவதே அரிது. ஆக, “நத்தைக்கொல்லி ஈ” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எந்தத் தொல்லை நத்தைக்கும் அதைப் பரிந்துரைப்பது, நோயின் பெயரைக் கேட்காமலே மாத்திரை எழுதுவது மாதிரி.

சரி, கணக்கெடுப்பு என்றால் என்ன? இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, சீட்டு எழுதி வைக்கும் பொழுதுபோக்கு எனக்கு உண்டு, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் வலையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு குளத்தைச் சுற்றி வீசிவிட்டு வந்து “இந்தப் பகுதியின் ஈக்கள்” என்று பட்டியல் போட்டால் அது கணக்கெடுப்பு ஆகாது. இந்த ஈக்கள் இடம் விட்டு இடம் அதிகம் போவதில்லை. அயர்லாந்தின் மேற்கில் டர்லாக் என்று சொல்லப்படும் சுண்ணாம்புப்பாறை ஏரிகள் இருக்கின்றன, குளிர்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து நிரம்பும், கோடையில் வற்றிப் புல்வெளியாகிவிடும். அங்கே ஈக்களைப் பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடித்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை எக்கச்சக்கம், ஆனால் நடமாட்டம் மிகக் குறைவு. தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் ஒரு இனம் என்றால், சற்று மேட்டில், மண் வெறுமனே ஈரமாக இருக்கும் இடத்தில், வேறொரு இனம். அதனால் வலை வீசுகிறவர் நீரின் விளிம்பில் மட்டும் சுற்றி வந்தால் பாதிப் பட்டியல் விட்டுப்போகும். நீரிலிருந்து மேடு வரை கோடு பிடித்தாற்போல் நடந்து, ஒவ்வொரு ஈரப்பட்டைக்கும் தனித்தனிக் குப்பியில் போட்டு வர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

காற்று பலமாக அடிக்கும்போது ஈ தண்டின் அடிக்குப் போய்விடும், வலையில் வெறும் புல்விதைதான் விழும். புல் நனைந்திருந்தால் வலைத்துணி ஊறி, உள்ளே விழுந்ததெல்லாம் கூழாகிவிடும், இறக்கைப் புள்ளியும் தெரியாது, மயிரும் தெரியாது. கூடாரம் மாதிரிக் கட்டி வைக்கும் மலேஸ் பொறி இரவு பகலாகத் தானே வேலை செய்யும், ஆனால் பறப்பதைத்தான் அது பிடிக்கும், கோரையை விட்டு நகராத சோம்பேறியைப் பிடிக்காது. எனக்குப் பிடித்த வழி வேறு. தண்ணீர் வடிந்த பிறகு கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சருகும் தண்டும் கலந்த குப்பையைக் கையால் கிளறுவது. நீரில் மிதந்து கரை சேர்ந்த கூட்டுப்புழுக்கள் அதில் கிடைக்கும், கருப்பாக, முனை மேல்நோக்கி வளைந்து. கிடக்கும் நத்தை ஓடுகளையும் எடுத்துப் பாருங்கள். ஃபெர்பெல்லியா என்ற பேரினத்து ஈக்களில் சிலவற்றின் புழு ஓட்டுக்குள்ளேயே கூடு கட்டி, வாயைச் சுண்ணாம்புத் தடுப்பால் அடைத்துவிடும். வெள்ளைத் தகடு போல மூடியிருக்கும் அந்த ஓட்டை ஈரம் குறையாமல் ஒரு குப்பியில் போட்டு வைத்தால் ஈ வெளியே வரும். வலையில் விழுந்த நூறு ஈக்களைவிட இந்த ஒரு ஈக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அது எந்த நத்தைக்குள் இருந்தது என்பது ஓட்டிலேயே இருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஈக்களைச் சேகரிக்கிறவர்கள் நத்தையைச் சேகரிப்பதில்லை. நத்தைக்காரர்களோ ஈயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே சதுப்பில் இரண்டு குழுவும் வெவ்வேறு வருடத்தில் வேலை செய்து, வெவ்வேறு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் போனால் எது எதைத் தின்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. குண்டூசிக்குக் கீழே செருகும் சின்னச் சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பெயர் மட்டும் போதாது, அங்கே என்ன செடி, தண்ணீர் எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன நத்தை என்பதும் இருக்க வேண்டும். இடமில்லை என்றால் இரண்டாவது சீட்டு செருகுங்கள், குண்டூசி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

இனம் கண்டுபிடிப்பது அடுத்த தலைவலி. பல பேரினங்களில் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி. பெண் ஈ மட்டும் கிடைத்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மரபணுத் துண்டு ஒன்றைப் படித்து இனம் காணும் மரபணுப் பட்டைக்குறி இப்போது உதவுகிறது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெயர் உறுதியான மாதிரி முன்னாலேயே இருந்தால்தானே அதுவும் பலன் தரும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஹவாய்த் தீவுகளைக் காட்டுவேன். கால்நடைகளின் கல்லீரல் தட்டைப்புழுவைப் பரப்பும் நீர் நத்தையை ஒழிக்க 1950களின் இறுதியில் நிகரகுவாவிலிருந்து செபிடோமெரஸ் மாக்ரோபஸ் என்ற ஈயைக் கொண்டு வந்து விட்டார்கள். பின்னர் ஆசியாவிலிருந்து, இதே குடும்பத்தின் செபிடான் பேரினத்து ஈ ஒன்றும் போய்ச் சேர்ந்தது. இரண்டும் அங்கே நிலைத்துவிட்டன. அமெரிக்க அரசு 2000-இல், காவாய் தீவின் ஓடைகளில் மட்டுமே வாழும் நியூகோம்ப் நத்தையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டபோது, அதற்கு ஆபத்தாகச் சொன்னவற்றில் இந்த ஈக்களும் இருந்தன. ஈக்கு எது தொல்லை நத்தை, எது அந்த மண்ணுக்கே உரிய நத்தை என்று யார் சொல்லிக் கொடுப்பது? 

யூக்லாண்டினா என்ற நத்தைதின்னும் நத்தையின் கதை இதைவிட மோசம். ராட்சத ஆப்பிரிக்க நத்தையைப் பிடிக்க 1955-இல் ஹவாய்க்கும், 1977-இல் பசிபிக் கடலின் மூரேயா தீவுக்கும் கொண்டுபோனார்கள். பத்தே வருடத்தில் மூரேயாவுக்கே உரிய பார்ட்டூலா நத்தைகள் காட்டில் இல்லாமல் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஈக்கள் அந்த அளவுக்குக் கண்மண் தெரியாமல் தின்பவை அல்ல என்பது என் கணிப்பு, ஆனால் கணிப்பை நம்பி ஒரு உயிரை அவிழ்த்து விட முடியாது.

கட்டுரையாளரின் கோணத்தையும் நான் ஒதுக்கவில்லை. நத்தை மருந்துகள் நல்லவை அல்ல. மெட்டால்டிஹைடு குருணைகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த பிரிட்டன் 2022-இல் தடை விதித்ததே, பறவைகளையும் முள்ளெலி போன்ற விலங்குகளையும் நினைத்துத்தான். மாற்று வழி தேட வேண்டியதுதான். அந்த மாற்று வெளியிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் ஏன் நினைக்கிறோம்? ஆசிய நெல் வயல்களில் செபிடான் ஈ இயல்பாகவே இருக்கிறது. நெல் இலையில் முட்டையை வரிசையாக வைக்கும். அந்த முட்டைகளில் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணிக் குளவி வளர்வதை ஜப்பானிலும் தாய்லாந்திலும் பார்த்திருக்கிறார்கள். தண்டுத் துளைப்பானின் முட்டைகளை அழிக்கும் அதே குளவிதான். துளைப்பான் முட்டை கிடைக்காத நாட்களில் குளவி இந்த ஈ முட்டையில் காலம் தள்ளுகிறது. வயலுக்குப் பூச்சிமருந்து அடித்தால் நத்தைக்கு எதிரி, துளைப்பானுக்கு எதிரி இரண்டும் ஒரே அடியில் போகும். இருப்பதைக் காப்பாற்றினாலே போதுமா என்பதையும் கணக்கெடுத்தால்தான் சொல்ல முடியும்.

பணம் கிடைக்காது என்பார்கள். முதல் கட்டத்துக்குப் பணமே வேண்டாம். அருங்காட்சியகங்களிலும் கல்லூரிகளிலும் “ஈக்கள், பிரிக்கப்படாதவை” என்று எழுதி மூடி வைத்த பெட்டிகள் இருக்கும், உணர்கொம்பு முன்னால் நீட்டிய ஈக்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சீட்டைப் படிக்க ஒரு லென்சும் பொறுமையும் உள்ள மாணவர் போதும். வயல், சதுப்பு, குளக்கரை என்று அடுத்த கட்டத்துக்குப் போகும்போது எங்கே முதலில் வலை வீசலாம் என்பதை அந்தச் சீட்டுகளே காட்டும்.

உங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். வாசகர்கள் நீரோரத்தில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் ஈயைப் பார்த்தால், பக்கவாட்டில் ஒரு படம், இறக்கை தெரிய மேலிருந்து ஒரு படம், முகத்தை நேராக ஒரு படம், பக்கத்தில் கிடக்கும் நத்தையை ஒரு படம் என்று எடுத்து, இடமும் தேதியும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வருவதைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள். பாதிக்கு மேல் “இனம் தெரியவில்லை” என்றுதான் வரும். அதையும் அப்படியே அச்சிடுங்கள், பெயர் இருப்பதை மட்டும் பொறுக்கிப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்