மொட்டைமாடி சோலார்: ஞாயிறு வர்றதுக்கு முன்னாடி படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம காட்பாடி அபார்ட்மென்ட்ல சோலார், பேட்டரி, ஸ்மார்ட் மீட்டர் மூணையும் சேர்த்துப் போடலாமான்னு ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு மாடியில பேசுறோம்.

வேலூர் வெயிலைத் திட்டாத ஆள் இங்க யாரு? அதே வெயில் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். லிப்ட், தண்ணி மோட்டார், படிக்கட்டு லைட்டுன்னு பொது பில்தான் முதல்ல குறையும். மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் சோலார் திட்டத்துல குடியிருப்போர் சங்கத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கு. ஆனா ராத்திரி 9 மணிக்கு மோட்டார் போடுற பழக்கத்தை விடணும். உச்சி வெயில்ல தானா ஓடுற மாதிரி டைமர் வச்சாதான் முழுப் பலன்.

பலருக்குத் தெரியாத விஷயம்: கரண்ட் போனா வெறும் சோலாரும் நின்னுடும். லைன்ல வேலை செய்றவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்துற இன்வெர்ட்டரே அணைஞ்சுக்கும். பேட்டரி இருந்தாதான் அப்பவும் லிப்ட் ஓடும். பேட்டரியைத் தகரக் கொட்டகையில வைக்கிற யோசனை எனக்குப் பிடிக்கல. மே மாசச் சூட்டுல ஆயுசு குறையும், தீ பயமும் உண்டு.

இன்னும் நெருடுறது, நேரத்துக்கு நேரம் கரண்ட் செலவைப் பதியுற ஸ்மார்ட் மீட்டர் கணக்கு. யார் வீட்டுல எப்ப ஆள் இல்லைன்னு அதைப் பார்த்தே சொல்லிடலாம். அந்தக் கணக்கைப் பார்க்கிற பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கணும்.

வாடகைக்கு இருக்கிறவங்களும் கண்டிப்பா வாங்க. பேனல் தூசி துடைக்கிறது யாருன்னும் அன்னைக்கே முடிவு பண்ணிடலாம்.